சுமைகூலி முக்கால் பணம்

பேச்சைப் பிட்டுகளாகச் சுருக்கி, மறுமுனையில் மீண்டும் பேச்சாக்கும் முறைகளே குரல் கோடெக்குகள். அவற்றைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் முதலில் எடுத்து வைக்கப்படுவது ஓர் அட்டவணைதான். முதல் பத்தியில் கோடெக்கின் பெயர், அடுத்ததில் பிட் வீதம் (வினாடிக்கு எத்தனை பிட் என்பது), கடைசியில் ஐந்துக்கு இத்தனை என்று ஒரு தர மதிப்பெண். ஜி.711 என்றால் 64 கிலோபிட், ஜி.726 என்றால் 32, ஜி.729 என்றால் 8, ஜி.723.1 என்றால் 6.3 அல்லது 5.3. டெண்டர் ஆவணங்களிலும் பயிற்சி வகுப்புகளின் ஸ்லைடுகளிலும் தொலைபேசியைக் கணினி வலையமைப்போடு இணைக்கும் கேட்வே கருவிகளை விற்பவர்களின் கையேடுகளிலும் இதே அட்டவணையைத்தான் பார்த்து வந்திருக்கிறேன். மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு படியிலும் அறிவியல் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் அடைந்து, கடைசிப் படியில் மிகக் குறைந்த செலவில் ஏறக்குறைய அதே தரத்தைக் கொடுத்துவிட்டதைப் போன்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. அட்டவணையில் உள்ள எந்த எண்ணும் பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி எடுக்கப்படும் முடிவுகளில் பாதிக்குமேல் தவறாக முடிவதை நேரில் கண்டிருக்கிறேன். அந்த முரண் பல ஆண்டுகளாக எனக்குள் அடங்காமல் இருக்கிறது. இப்போது நரம்பியல் வலையமைப்புகளைக் கொண்டு 3 கிலோபிட்டில் பேசலாம் என்ற செய்தி வந்தபின், அட்டவணையின் அடியில் இன்னொரு வரிசை சேர்க்கப்படுகிறது. அதையும் மக்கள் அதே கண்ணோடுதான் பார்க்கிறார்கள். ஆகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் எடுத்துக்கொள்வது 5.3 என்ற ஓர் எண்ணை. அது ஜி.723.1 என்ற தரநிலைக்குச் சொந்தமானது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996 மார்ச்சில் ஏற்றுக்கொண்ட இந்தத் தரநிலையின் தலைப்பிலேயே பல்லூடகத் தொடர்பு என்ற சொல்லும், 5.3, 6.3 என்ற இரண்டு வீதங்களும் இருக்கின்றன. தரநிலைப் பெயரின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் புள்ளி ஒன்றுக்கும் ஒரு கதை உண்டு. ஜி.723 என்ற எண் 1988-லேயே ஏ.டி.பி.சி.எம். என்ற பழைய குரல் சுருக்க முறையின் வேறொரு தரநிலைக்குக் கொடுக்கப்பட்டு, அது பின்னர் ஜி.726-க்குள் கரைந்துபோனது. காலியான வீட்டுக்குப் புதிய ஆளைக் குடிவைத்ததால் குழப்பம் வராமலிருக்கப் புள்ளி போட்டார்கள். தரநிலைகளின் உலகத்தில் இப்படிப்பட்ட சில்லறைச் சங்கடங்களுக்குக் குறைவே இல்லை.

158 பிட்டுகளுக்குள் ஒரு தொண்டை

குறை சொல்வதற்கு முன்னால், இந்தக் கோடெக் செய்யும் வேலை எவ்வளவு வியப்பானது என்பதைச் சொல்லாமல் போனால் அது நியாயமாகாது. வினாடிக்கு 8000 மாதிரிகள் (ஒலியலையின் அளவீடுகள்) என்ற கணக்கில் வரும் குரலை அது 30 மில்லிவினாடித் துண்டுகளாக, அதாவது 240 மாதிரிகள் கொண்ட ஃபிரேம்களாக எடுத்துக்கொள்கிறது. சாதாரணத் தொலைபேசியின் ஜி.711 முறையில் இந்த 240 மாதிரிகளுக்கு 1920 பிட்டுகள் வேண்டும். ஜி.723.1-இன் குறைந்த வீதத்திலோ மொத்தம் 158 பிட்டுகள்தான். அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு.

இந்தச் சிக்கனம் குரலின் அலைவடிவத்தைச் சுருக்குவதால் மட்டும் கிடைப்பதில்லை. பேசுபவர் மனிதர், அவருக்குத் தொண்டையும் வாயும் உண்டு, குரல்நாண்கள் ஒரு சீரில் அதிர்கின்றன என்ற அனுமானத்தை இருமுனையிலும் முன்கூட்டியே வைத்துக்கொள்வதால் கிடைக்கிறது. 158 பிட்டுகளும் எங்கே போகின்றன என்று பிரித்துப் பார்த்தால் இது தெளிவாகும். வாயின் அப்போதைய வடிவத்தைச் சொல்லும் பத்து குணகங்களுக்கு 24 பிட். குரல்நாண் அதிர்வின் கால இடைவெளிக்கு 18 பிட். ஓசையின் அளவுகளுக்கு 48 பிட். மீதமிருக்கும் 68 பிட்டுகளில்தான், அனுமானத்துக்குள் அடங்காமல் மிஞ்சியதெல்லாம் சொல்லப்பட வேண்டும். அதற்காக ஒவ்வொரு 60 மாதிரித் துண்டிலும் நான்கே நான்கு துடிப்புகளை வைக்கிறார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் எட்டு இடங்களில் ஓரிடம், கூட்டல் அல்லது கழித்தல் என்று ஒரு குறி, அவ்வளவுதான். இந்தச் சில துடிப்புகளை அந்த வாய் வடிவத்தின் வழியாகச் செலுத்தினால் மறுமுனையில் அண்ணனின் குரல் அண்ணனின் குரலாகவே கேட்கிறது என்பது, இத்தனை காலம் பழகிய பிறகும், எனக்கு நம்ப முடியாததாகவே இருக்கிறது.

அந்தத் துடிப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அழகானது. அனுப்பும் கருவிக்குள்ளேயே பெறும் கருவியின் நகல் ஒன்று உட்கார்ந்திருக்கும். இந்தத் துடிப்பு வரிசையை அனுப்பினால் அங்கே எப்படிக் கேட்கும் என்று தானே உருவாக்கிப் பார்த்து, மூலக் குரலோடு காதுக்கு மிக நெருக்கமாக வருவதை மட்டும் அனுப்பும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிஷ்ணு அடலும் மன்ஃபிரெட் ஷ்ரோடரும் 1985-இல் வெளியிட்ட செல்ப் என்ற முறையின் வழிவந்த யோசனை இது. கான்பூரில் பிறந்து, லக்னோவில் படித்து, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஒலியியல் கற்பித்துவிட்டு 1961-இல் பெல் ஆய்வகத்துக்குப் போனவர் அடல். அவர்கள் முதலில் செய்துகாட்டியபோது, ஒரு வினாடிப் பேச்சைக் குறியாக்க அக்காலத்தின் கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டருக்கே இரண்டு நிமிடத்துக்கும் மேல் பிடித்தது. தேடலைக் குறைப்பதற்குக் கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்த வழிதான், செல்ப் தேடிப் பார்த்த, இரைச்சல் மாதிரிகள் நிறைந்த பெரிய புத்தகத்துக்குப் பதிலாக அந்தச் சில துடிப்புகளை வைப்பது. ஏசெல்ப் என்று அதற்குப் பெயர். ஜி.723.1-இன் 5.3 வீதம் இந்த வழியில் ஓடுகிறது. 6.3 வீதமோ வேறொரு குழுவின் பலதுடிப்பு முறையில் ஓடுகிறது. ஒரே தரநிலைக்குள் இரண்டு எஞ்சின்கள் இருப்பதற்கு, போட்டியிட்ட இரு தரப்பையும் மனம் கோணாமல் சேர்த்துக்கொண்டார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. ஆனால் இது என் ஊகம்தான்.

எந்த வீட்டுக்காகக் கட்டப்பட்டது

இப்போது அந்த 5.3-க்கு வருகிறேன். ஏன் 8 இல்லை, ஏன் 4 இல்லை? விடை கோடெக்குக்கு வெளியே, எச்.324 என்ற இன்னொரு தரநிலையில் இருக்கிறது. சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் மோடத்தை வைத்துக்கொண்டு முகம் பார்த்துப் பேசுவதற்கான தரநிலை அது. 1994-இல் வந்த வி.34 மோடம் நல்ல கம்பியில் 28.8 கிலோபிட் கொடுக்கும். அந்த 28.8-க்குள் படமும் வேண்டும், குரலும் வேண்டும், கட்டுப்பாட்டுச் செய்திகளும் வேண்டும். 176-க்கு 144 புள்ளி அளவுள்ள சின்னஞ்சிறு படத்தை எச்.263 முறையில் ஓரளவு பார்க்கும்படி ஓட்டுவதற்கே இருபது கிலோபிட் தேவைப்படும். ஆகவே குரலுக்கு ஒதுக்கக்கூடியது ஆறு கிலோபிட்டை ஒட்டித்தான். அந்த இடத்தில் குரலில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு பிட்டும் நேராகப் படத்துக்குப் போய்ச் சேர்கிறது. இடையில் யாரும் கமிஷன் எடுப்பதில்லை.

அதைப் போலவே 30 மில்லிவினாடி ஃபிரேமும் அந்த வீட்டில் பொருத்தமானதே. நீளமான ஃபிரேம் இருந்தால் பிட்டுகளைச் சிக்கனமாகச் செலவிடலாம், ஆனால் தாமதம் கூடும். முன்னோக்கிப் பார்ப்பதற்கான 7.5 மில்லிவினாடியையும் சேர்த்தால், கணக்கிடும் நேரத்தையும் அனுப்பும் நேரத்தையும் எண்ணுவதற்கு முன்பே 37.5 மில்லிவினாடி போய்விடுகிறது. ஜி.729-க்கு இதே கணக்கு 15 மில்லிவினாடிதான். ஆனால் மோடம் வழியாக வரும் படம் குரலைவிடப் பல மடங்கு தாமதமாகத்தான் வரும். உதடும் ஓசையும் ஒன்றாக வரவேண்டுமானால் குரல் எப்படியும் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப்போகும் குரலுக்கு அவசரம் எதற்கு? தரநிலையை எழுதியவர்கள் இந்த இடத்தில் தெளிவாகவே சிந்தித்திருக்கிறார்கள். கம்பியில்லாத் தொலைபேசிகளை மனத்தில் வைத்து, படமே இல்லாத உரையாடலுக்காக, அதே மாதத்தில் ஜி.729-ஐத் தனியாக ஏற்றுக்கொண்டதும் அதனால்தான். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். அட்டவணையோ கேள்விகளை அழித்துவிட்டு விடைகளை மட்டும் வரிசையாக அடுக்கிவைத்தது.

மோடம் வழி முகம் பார்க்கும் தொலைபேசி வீடுகளில் பரவவே இல்லை. வந்தது இணையம். 1997-இல் இணையத் தொலைபேசிக்காக நிறுவனங்கள் கூடிய மன்றம் ஜி.723.1-ஐ அடிப்படைக் கோடெக்காகப் பரிந்துரைத்தது. மைக்ரோசாஃப்டின் நெட்மீட்டிங்கிலும் அது இருந்தது. இந்தியாவில் 2002 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இணையத் தொலைபேசி சட்டப்படி அனுமதிக்கப்பட்டபோது, பிரௌசிங் சென்டர்களின் ஹெட்போன்களுக்குள் பலர் கேட்ட வெளிநாட்டுக் குரல்களில் பெரும்பகுதி இப்படிப்பட்ட குறைவீதக் கோடெக்குகளின் வழியாக வந்ததே. டயல்-அப் இணைப்புக்கு 64 கிலோபிட் குரல் கட்டுப்படியாகாது என்பதால் அந்தத் தேர்வில் பிழையில்லை. சிக்கல் வேறு இடத்தில் தொடங்கியது.

மதுரையில் ஒரு பாக்கெட்டைத் திறந்தபோது

2000-களின் தொடக்கத்தில், குரல் கேட்வேக்களை நிறுவிச் சோதிக்கும் ஒரு சிறிய குழுவில் இருந்தேன். மதுரையில் தலைமையகம் வைத்திருந்த ஒரு நிதி நிறுவனத்துக்குச் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் கிளைகள் இருந்தன. கிளைகளுக்கு 64 கிலோபிட் லீஸ்டு லைன், அதாவது நிரந்தர வாடகை இணைப்பு; லைன் போகாத கடலோர ஊர்களில் மட்டும் வி.சாட் என்ற செயற்கைக்கோள் தட்டு. எஸ்.டி.டி. கட்டணம் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த காலம் அது. ஏற்கெனவே வாடகை கட்டும் லைனிலேயே கிளைகளோடு பேசிக்கொண்டால் கட்டணம் மிச்சம் என்பது திட்டம். விற்பனைப் பிரிவு எழுதிக்கொடுத்த முன்மொழிவில் கணக்கு எளிமையாக இருந்தது. லைனில் பாதியைக் கணக்கு மென்பொருளுக்கு விட்டுவிட்டால் குரலுக்கு 32 கிலோபிட், அதை 5.3-ஆல் வகுத்தால் ஆறு. ஆகவே ஒரு கிளைக்கு ஒரே நேரத்தில் ஆறு பேர் பேசலாம்.

நிறுவி முடித்த சில நாட்களில் அங்கிருந்து அழைப்பு வந்தது. தகவல் தொடர்புப் பிரிவின் மேலாளர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். டெலக்ஸ் காலத்திலிருந்து இந்த வேலையில் இருந்தவர். "தம்பி, ஆறு பேர் பேசலாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ஒரு ஆள் பேசினா நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது ஆள் போனை எடுத்தா ரெண்டு பேருக்கும் வார்த்தை வார்த்தையா அறுந்து போகுது. கோடெக் சரியில்லையா?" என்று கேட்டார். கோடெக்கில் எந்தக் குறையும் இல்லை. அதை அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது மேல் என்று நினைத்து மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன்.

ஈதீரியல் என்று அன்று பெயர்பெற்றிருந்த மென்பொருளில் லைனில் ஓடும் பாக்கெட்டுகளை, அதாவது தரவு துண்டு துண்டாகப் போகும் பொட்டலங்களைப் பிடித்து, ஒன்றை மட்டும் திறந்து அவர் முன்னால் வைத்தேன். ஜி.723.1-இன் ஃபிரேம் ஒவ்வொன்றும் தன் முதல் பைட்டின், அதாவது முதல் எட்டு பிட்டுகளின், கடைசி இரண்டு பிட்டுகளில் தன்னை யாரென்று சொல்லிக்கொள்ளும். 00 என்றால் 6.3 வீதம், 24 பைட். 01 என்றால் 5.3 வீதம், 20 பைட். 10 என்றால் பேசுபவர் மௌனமாக இருக்கிறார், 4 பைட்டில் பின்னணி இரைச்சலின் சாயல் மட்டும் வருகிறது என்று பொருள். திரையில் இருந்தது 01. இருபது பைட்டுகளையும் விரலால் தொட்டுக் காட்டினேன். திரையில் ஒரு வரியைத் தாண்டி இன்னும் நான்கு எண்கள், அவ்வளவுதான். பிறகு அதற்கு மேலே இருந்த ஹெடர்களை, அதாவது பாக்கெட்டின் முகவரி, வரிசை எண் முதலியவற்றைச் சொல்லும் தலைப்புகளைக் காட்டினேன். ஐபி ஹெடருக்கு 20 பைட், யுடிபி ஹெடருக்கு 8, ஆர்டிபி ஹெடருக்கு 12. ஆக மொத்தம் 40 பைட். இருபது பைட் குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்க நாற்பது பைட் முகவரி. லைனின் இருமுனை ரவுட்டர்களும் தங்கள் பங்குக்கு இன்னொரு ஆறு பைட் சேர்த்துக்கொள்ளும். 30 மில்லிவினாடிக்கு 66 பைட் என்றால் வினாடிக்கு 17.6 கிலோபிட். 32-க்குள் ஒருவர் போவார், இரண்டாமவர் போக மாட்டார்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்கல்ல, அதானா இது?" என்றார். அதேதான் என்றேன்.

அன்று அவர் அடுத்துக் கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தை நான் பார்க்கும் முறையையே மாற்றியது. "அப்ப ஜி.729 போட்டா எவ்வளவு ஆகும்?" என்றார். காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். அதுவும் 30 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் அனுப்பினால், குரலுக்கு 30 பைட், ஹெடருக்கு 40. ரவுட்டரின் ஆறு பைட்டை விட்டுவிட்டால் 18.7 கிலோபிட். அதே கணக்கில் 5.3-க்கு 16. அட்டவணையில் எட்டுக்கும் 5.3-க்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் தெரிகிறது. கம்பியிலோ அது ஏழில் ஒரு பங்காக இளைத்துப்போகிறது. 5.3-க்கும் 6.3-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். 16-க்கும் 17-க்கும் நடுவே அது காணாமல் போகிறது. ஷெர்புரூக்கில் ஆண்டுக்கணக்காக உழைத்துப் பிட்டுப் பிட்டாகச் சேமித்ததையெல்லாம், குரலைப் பற்றி எதுவுமே அறியாத ஒரு ஹெடர் ஒரே வாயில் விழுங்கிவிட்டது. எச்.324 வீட்டில் நேராகப் படத்துக்குப் போன மிச்சம் இந்த வீட்டில் யாருக்கும் போகவில்லை. கோடெக் அதேதான், எண்ணும் அதேதான், ஆனால் அந்த எண்ணுக்கு இருந்த பொருள் போய்விட்டது. அதற்குப் பிறகு, ஒரு கோடெக்கின் பிட் வீதத்தை அந்தக் கோடெக்கின் குணமாக மட்டும் என்னால் பார்க்க முடிந்ததில்லை. அது கோடெக்கும் பாதையும் சேர்ந்து சொல்லும் எண்.

தீர்வு என்று பார்த்தால் இரண்டு வழிகள் இருந்தன. ஒரு பாக்கெட்டில் இரண்டு ஃபிரேம்களைப் போட்டால் ஹெடர் பாதியாகும். ஓர் அழைப்புக்கு ஏறத்தாழ 11.5 கிலோபிட், இரண்டு பேர் தாராளமாகப் பேசலாம். ஆனால் ஒரு பாக்கெட் தொலைந்தால் 60 மில்லிவினாடிப் பேச்சு போகும். இன்னொரு வழி ஹெடரையே சுருக்குவது. ஒரே உரையாடலின் அடுத்தடுத்த பாக்கெட்டுகளில் முகவரி மாறப்போவதில்லை, வரிசை எண் ஒன்று ஒன்றாகத்தான் கூடப்போகிறது என்பதால், லைனின் இருமுனைகளும் அதை நினைவில் வைத்துக்கொண்டால் 40 பைட்டை இரண்டு பைட்டாக்கலாம். 1999-இலேயே இதற்குத் தரநிலை வந்துவிட்டது. லீஸ்டு லைன் கிளைகளில் அதை இயக்கிவிட்டதும் ஓர் அழைப்பு 7.5 கிலோபிட்டுக்கு இறங்கியது. நான்கு பேர் பேசினார்கள். 5.3 என்ற எண் மீண்டும் ஏதோ ஒரு பொருளைப் பெற்றது அப்போதுதான். வி.சாட் கிளைகளில் இது எடுபடவில்லை. ஒரு பாக்கெட் வழியில் தொலைந்தால் இருமுனை நினைவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். முழு ஹெடரை மறுபடி கேட்டு வாங்குவதற்குள் செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்ப அரை வினாடி ஆகிவிடும். அதுவரை வரும் பாக்கெட்டுகள் எல்லாம் குப்பைதான். அந்த ஊர்களில் ஒருவர் பேசி முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருந்தார்.

மதிப்பெண் சொல்லாதவை

வி.சாட் கிளைகளில் இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கவே ஒரு பக்கத்துக்குக் கால் வினாடி போகிறது. அதோடு ஃபிரேம் சேர்க்க, முன்னோக்க, கணக்கிட, அனுப்ப என்று கோடெக்கின் பங்காக நூறு மில்லிவினாடியை ஒட்டிச் சேர்கிறது. ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் நல்லது, 400-ஐத் தாண்டவே கூடாது என்று ஒன்றியத்தின் ஜி.114 சொல்கிறது. நாங்கள் 350-க்கு மேலே, எல்லைக்கோட்டின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தோம். இரு முனையிலும் ஒரே நேரத்தில் "ஹலோ" சொல்லி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் தொடங்கும் அந்த அவஸ்தை, அட்டவணையின் கடைசிப் பத்தியில் உள்ள மதிப்பெண்ணில் எங்கும் இல்லை. அந்த மதிப்பெண்ணை, பதிவுசெய்த வாக்கியங்களை அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்டவர்கள் கொடுத்தார்கள். அவர்கள் யாரிடமும் பதில் பேசவில்லை. 5.3-க்கு 3.65, 6.3-க்கு 3.9, ஜி.729-க்கு 3.92 என்று பரவலாகச் சுற்றிவரும் எண்களின் இரண்டாவது தசம இடத்தைப் பிடித்துக்கொண்டு கூட்டங்களில் வாதாடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

தொண்டை இருக்கிறது என்ற அனுமானத்தின் எல்லையும் அங்கேதான் தெரிந்தது. தலைமையகத்தில் அழைப்பைக் காக்கவைக்கும்போது ஒலிக்கும் இசையாக நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த ஒரு பதிவை வைத்திருந்தார்கள். கிளையில் அது கேட்ட விதத்தை எழுத்தில் கொண்டுவருவது கடினம். ஜி.723.1 தேடும் அதிர்விடைவெளி ஏறத்தாழ 56 முதல் 444 ஹெர்ட்ஸ் வரையிலான ஒற்றைக் குரலுக்கானது. மேல்ஸ்தாயியில் நிற்கும் நாதஸ்வரமும், அதன்மேல் விழும் தவிலின் அடியும், வினாடிக்கு முப்பத்துச் சொச்சம் தடவை ஒரு மனித வாயின் வடிவத்துக்குள் வலிந்து திணிக்கப்பட்டபோது, தண்ணீருக்கடியில் யாரோ விம்முவதைப் போல் இருந்தது. தவிலின் அடி ஒவ்வொன்றிலும் ஸ்வரம் நடுங்கியது. இருவர் ஒரே ஸ்பீக்கர்போனில் ஒரே நேரத்தில் பேசினாலும் இதே குழப்பத்தின் சிறிய வடிவம் கேட்கும். தொலைபேசியில் எண்களை அழுத்தும்போது எழும் இரட்டைத் தொனிகளும் இப்படித்தான் சிதையும். மறுமுனைக் கணினி ஐந்தை எட்டாகப் புரிந்துகொள்ளும். அதனால்தான் அந்தத் தொனிகளைக் குரலாக அனுப்பாமல் "ஐந்து அழுத்தப்பட்டது" என்ற செய்தியாகவே தனி பாக்கெட்டில் அனுப்பும் முறை 2000-இல் வந்தது. ஃபேக்ஸுக்கு அதற்கும் முன்பே, 1998-இல், டி.38 என்று தனி வழி போட்டார்கள். பேச்சுக்கான கோடெக் பேச்சை மட்டுமே சுமக்கும் என்பதைத் தரநிலைக் குழுக்கள் நன்றாகவே அறிந்திருந்தன. டெண்டர் எழுதியவர்களுக்குத்தான் அது எட்டவில்லை. அந்த நிறுவனம் நாதஸ்வரத்தை எடுத்துவிட்டு, "தயவுசெய்து காத்திருங்கள்" என்று ஒரு பெண் குரலைப் போட்டுவிட்டது. அது தெளிவாகவே கேட்டது.

மூன்று கிலோபிட்டும் அதே ஹெடரும்

இன்று கிளைகளுக்கு ஃபைபர் போய்விட்டது. ஜி.729-இன் பெரும்பாலான காப்புரிமைகள் 2017 தொடக்கத்துக்குள் காலாவதியாயின. 2012-இல் வந்த ஓபஸ் என்ற கோடெக் 6 கிலோபிட்டிலிருந்து 510 வரை எங்கும் நிற்கும், உரிமக் கட்டணமும் கிடையாது. குறைவீதக் குரலுக்கு இனி வேலை இல்லை என்று நினைத்திருந்த நேரத்தில், 2021-இல் கூகுள் லைரா என்ற கோடெக்கை 3 கிலோபிட்டில் கொண்டுவந்தது. 40 மில்லிவினாடிக்கு ஒரு ஃபிரேம். அப்படியானால் 15 பைட். கேட்டுப் பார்த்தேன், 5.3-இன் மூக்கடைத்த குரலோடு ஒப்பிட்டால் மிக நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதன் தலைக்கு மேலும் அதே 40 பைட் உட்கார்ந்திருக்கிறது. மொத்தம் 11 கிலோபிட். ஐபியின் ஆறாம் பதிப்பு என்றால் ஹெடர் 60 பைட் ஆகிவிடுவதால் 15 கிலோபிட். மூன்று என்று பெயர் வைத்துக்கொண்டு பதினைந்தாகப் பயணம் செய்யும் குரல்.

இப்படிச் சொல்வதால் குறைவீத ஆராய்ச்சியே வீண் என்று பொருளில்லை. ஹெடரே இல்லாத இடங்களில் ஒவ்வொரு பிட்டும் இன்னும் பொன்தான். சிற்றலை வானொலியில் பேசும் ஹாம் ஆர்வலர்களுக்காக ஆஸ்திரேலியாவின் டேவிட் ரோ உருவாக்கிய கோடெக்2, வினாடிக்கு 700 பிட் வரை இறங்குகிறது. அங்கே மிச்சப்படுத்துவதெல்லாம் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும் தூரமாக மாறுகிறது. 4ஜி வலையமைப்பிலேயே போகும் வோல்ட்டி அழைப்புகளில் கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே ஹெடரைச் சில பைட்டுகளாகச் சுருக்கும் ஏற்பாட்டை முதலிலேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். அதனால் அங்கே கோடெக்கின் வீதத்துக்கு உண்மையான மதிப்பு உண்டு. மதுரையின் லீஸ்டு லைனில் இரண்டாவதாக வந்த யோசனை அங்கே அஸ்திவாரத்திலேயே போடப்பட்டிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்திருப்பது மூன்றாவதாக ஒரு பயன்பாடு. 2024 மார்ச்சில் வெளியான ஓபஸ் 1.5-இல், ஒவ்வொரு பாக்கெட்டும் இப்போதைய குரலோடு, முந்தைய ஒரு வினாடிவரைப் பேச்சின் மிகச் சுருங்கிய நகலையும் சுமந்துகொண்டு போகலாம். பாக்கெட்டுகள் தொடர்ந்து தொலைந்தாலும், அடுத்து வந்துசேரும் ஒன்றே ஒன்றிலிருந்து விட்டுப்போனதையெல்லாம் மீட்டெடுக்கிறது பெறும் கருவி. ஜி.723.1-இலோ தொடர்ந்து மூன்று ஃபிரேம்களுக்கு மேல் தொலைந்தால் ஓசையே நின்றுவிடும், வி.சாட் கிளைகளில் அந்த வெற்றிடத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஹெடருக்கான கூலியை எப்படியும் கொடுத்தாக வேண்டும் என்று ஆனபின், வண்டியில் இருக்கும் இடத்தைக் காலியாக ஓட்டாமல் நேற்றைய சரக்கின் நகலையும் ஏற்றிவிடுகிறார்கள். அந்த நகலுக்குப் பிட் வீதம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பின்னோக்கிப் போய் மீட்கலாம். அங்கே ஒரு கிலோபிட் குறைவு என்பது எத்தனை மில்லிவினாடிப் பேச்சு தப்பிக்கும் என்ற கணக்காக மாறிவிடுகிறது.